பாடம் கைக்கு வந்தாச்சு, உட்கார இடம்?

"இனிமே காலேஜுக்கே போக வேணாமாம்மா. எல்லாப் பாடமும் போன்லயே வந்துடுதாம்!"

பேர்ணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள். இருபத்துமூன்று வயது இருக்கும். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் படிப்பு அத்தோடு நின்றுவிட்டது.

"நீ சேர்ந்தாயா?" என்றேன்.

"சேர்ந்தேம்மா. ரெண்டு வாரம் கேட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன், புரியவில்லையா?"

"நல்லாத்தான் புரிஞ்சுது. வீட்ல உட்கார எடமில்லே."

சகோதரிகளே, இந்த ஒரு பதிலைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேசப்போகிறேன். பல்கலைக்கழகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அவர்களில் யாராவது அந்த உள்ளங்கைக்காரி எங்கே உட்காருவாள் என்று யோசித்தார்களா?

அவள் வீடு ஒரு அறையும் கொஞ்சம் தாழ்வாரமும். ஆறரை மணிக்குக் கம்பெனி வேன் இறக்கிவிடும். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் பிடிப்பது எல்லாம் முடிய எட்டரை. அந்த நேரத்தில் அம்மாவுக்கு சீரியல், தம்பிக்கு கிரிக்கெட். மூலையில் உட்கார்ந்து காதில் அந்தக் குமிழை மாட்டிக்கொண்டால், "எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கா, யாருகூடப் பேசறாளோ" என்று ஒரு பேச்சு. பாருங்கள், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கையில் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்ணை, "பாவம், படிக்கிறா, கூப்பிடாதே" என்று விட்டுவிடுகிற அதே வீடு, போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளைச் சும்மா இருப்பதாக நினைத்துக் கடைக்கு அனுப்புகிறது! படிப்பு புஸ்தகத்திலிருந்து போனுக்கு மாறியதில் நம் பெண்களுக்கு நஷ்டமானது இந்த மரியாதைதான். வைகாசிக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வேறு நடக்கிறதாம். அவளுக்குக் கையிலிருப்பது சில மாதங்கள்.

முதலில், வந்திருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்ல வேண்டுமல்லவா?

வீட்டிலிருந்து படிப்பது நமக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல். தபால்காரர் கொண்டுவந்த கனத்த பார்சலைப் பிரித்து, குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு பி.ஏ. முடித்த டீச்சர்கள் நம் வாசகியரிலேயே எத்தனையோ பேர். 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்ப ஆரம்பித்தது. மத்தியான வேளையில் அரிசி களைந்துகொண்டே செடிகொடிகளின் ரத்த ஓட்டம் மாதிரியான விஷயங்களைக் கேட்ட ஞாபகம் சிலருக்காவது இருக்கும்.

இப்போது நிலைமை அதைப்போல நூறு மடங்கு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது என்.பி.டி.இ.எல். என்ற திட்டம். ஆயிரக்கணக்கான பாடங்களின் வகுப்புகள் அப்படியே படமாக இருக்கின்றன. நாலு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள். சேரக் காசில்லை, பார்க்கக் காசில்லை, பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால்தான் கட்டணம். 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' வந்தது. 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. ஒரு படி மேலே போய், டேட்டா சயன்ஸில் பட்டப்படிப்பையே இணையவழியில் அறிவித்தது. அதில் சேர ஜே.இ.இ. எழுத வேண்டாம். நான்கு வாரம் பாடம் கேட்டு, ஒரு தகுதித் தேர்வில் பாஸானால் போதும். வயது வரம்பில்லை. குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து கட்டணத்தில் முக்கால்வாசி வரை குறைக்கிறார்கள். நடுவில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்கு சர்ட்டிபிகேட் உண்டு. கல்யாணம், பிரசவம் என்று படிப்பை நடுவில் நிறுத்தியே பழகிய நமக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய வரம்!

2021-ல் வந்த 'கிரெடிட் வங்கி' ஏற்பாடும் இந்த வகைதான். ஒவ்வொரு பாடத்துக்கும் வாங்கும் புள்ளியை, சீட்டுப் பணம் கட்டுகிற மாதிரி, உங்கள் பேரில் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு கல்லூரியில் விட்டதை இன்னொன்றில் தொடரலாம். ஏழு வருஷம் வரை புள்ளி செல்லும். ஆனால் எல்லாக் கல்லூரியும் இதில் சேரவில்லை. நம் மாநில அரசு புதிய கல்விக் கொள்கையை ஏற்கவும் இல்லை. அதனால் உங்கள் கல்லூரி ஆபீசில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் இருந்தும், சேர்கிறவர்கள் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்ட இணையப் பாடங்களைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. சேர்ந்த நூறு பேரில் கடைசி வரை போனவர்கள் மூன்று பேர்தான்! மீதி தொண்ணூற்றேழு பேரையும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? எனக்கென்னவோ பஸ்ஸில் வந்த பெண்ணின் பதில்தான் ஞாபகம் வருகிறது.

கோவிட் காலத்தில் இதை நம் வீடுகளிலேயே பார்த்தோம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு இலவசமாகத் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். டேட்டா வந்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு போன் என்றால் அது முதலில் யார் கைக்குப் போகும்? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் இன்டர்நெட்டை ஒரு தடவையாவது உபயோகித்த ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர். தமிழ்நாடு கொஞ்சம் தேவலை என்றாலும் பெண்கள் பாதியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு போன்கள் பெருகிவிட்டன, வாஸ்தவம். அறைகள் பெருகவில்லையே!

இதற்கு வழி தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் வேலூரிலேயே இருக்கிறது.

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆஸ்பத்திரி கட்டியதோடு அவர் நிற்கவில்லை. நோயாளி வேலூருக்கு வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று, முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். கிழமை தெரியும், மரம் தெரியும். ஜனங்கள் வந்து காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி என்பது கட்டடம் மட்டுமில்லை என்பது நம் ஜில்லாவுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சேதி.

அதே சி.எம்.சி.யில் தொலைதூரக் கல்விப் பிரிவு ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ சிறு ஊர்களில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்குக் குடும்ப மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் இரண்டு வருஷப் படிப்பு. எடுத்ததற்கெல்லாம் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பாமல், முடிந்ததை அங்கேயே தீர்த்து வைக்கப் பழக்குவதுதான் அதன் நோக்கம். டாக்டர் தன் கிளினிக்கை மூட வேண்டாம். பாடங்கள் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நிஜமாகவே கிளினிக்கில் வருகிற தொந்தரவுகளை — வாந்தியோடு வந்த குழந்தை, சர்க்கரை ஏறிய பாட்டி — வைத்தே எழுதிய பாடங்கள். அதோடு விட்டுவிடவில்லை. குறிப்பிட்ட நாட்களில், தங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவர்கள் கூட வேண்டும். வேலூரிலிருந்து ஆசிரியர்கள் வீடியோவில் பேசுவார்கள். கூடவே அங்கேயுள்ள டாக்டர்கள் பக்கத்தில் நின்று கைப்பழக்கம் சொல்லித்தருவார்கள்.

கவனித்தீர்களா? டாக்டர்களுக்கே, வீடும் கிளினிக்கும் கம்ப்யூட்டரும் உள்ளவர்களுக்கே, தனியாக உட்கார்ந்து படித்தால் போதாது, நாலு பேர் கூட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அப்பர் தைக்கிற பெண்ணுக்கு மட்டும் ஒரு போன் போதும் என்பது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தபோதும் இதுவே நடந்தது. அதற்காகப் பார்லிமெண்டில் போராடிய மந்திரி ஜென்னி லீ, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 1971-ல் சுமார் 25 ஆயிரம் பேரோடு வகுப்பு ஆரம்பம்; பாடங்கள் பி.பி.சி.யில் விடியற்காலையிலும் நடுராத்திரியிலும் வரும். இல்லத்தரசிகள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் ஊருக்கு ஊர் படிப்பு மையங்களும் வைத்திருந்தது, கோடையில் ஒரு வாரம் எல்லோரையும் வரவழைத்துத் தங்கவும் வைத்தது. முதல்தடவையாக, யாருக்கும் சமைத்துப் போடாமல், புஸ்தகமும் பேச்சுமாக ஒரு வாரம்! நினைத்துப் பார்த்தாலே இனிக்கிறது.

சரி, கல்லூரிக் கட்டடங்களுக்கு இனி என்ன வேலை? நம் தோல் பேட்டைப் பக்கம் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. வேலூர் ஊரிஸ் 1898, வாணியம்பாடி இஸ்லாமியா 1919, காட்பாடி ஆக்சிலியம் 1954, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் 1969. எல்லாவற்றுக்கும் மேலே 2002-ல் வந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம். பொதுவாகக் கல்லூரி வகுப்பறை என்றால் நாமெல்லாம் பார்த்தது ஒன்றுதான்: வரிசையாக பெஞ்சு, மேலே ஒருவர் நின்று நோட்ஸ் வாசிப்பார், கீழே அறுபது பேர் எழுதிக்கொள்வார்கள். இந்த வாசிப்பைத்தான் போன் நன்றாகவே செய்துவிடுகிறதே! புரியாவிட்டால் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். நம் புரொபசரை அப்படித் திருப்ப முடியுமா? பாடத்தை வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். வகுப்பில் சந்தேகம், கணக்கு, விவாதம், செய்முறை. அதற்கு வரிசை பெஞ்சு உதவாது. நகர்த்தக்கூடிய மேஜை வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990களில் இப்படிச் செய்து பார்த்தார்கள். பௌதிக வகுப்பில் மேடையை எடுத்துவிட்டு வட்ட மேஜைகள் போட்டார்கள். ஒரு மேஜைக்கு ஒன்பது பேர், மூன்று மூன்று பேராகச் சேர்ந்து கணக்குப் போட வேண்டும். ஆசிரியர் நடுவே நடந்துகொண்டே இருப்பார். பிறகு எம்.ஐ.டி.யும் அதை எடுத்துக்கொண்டது. ஃபெயிலாகிறவர்கள் குறைந்தார்கள், அதிலும் பெண்கள் ஃபெயிலாவது வெகுவாகக் குறைந்தது என்று கண்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. அறுபது பேர் முன்னால் எழுந்து நின்று சந்தேகம் கேட்காத பெண், பக்கத்திலிருக்கிற இரண்டு பேரிடம் கேட்டுவிடுவாள்.

நம்மிடமும் இது நடந்ததுதான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததே செயல்வழிக் கற்றல், அதில் குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தார்கள். சுவரில் தரையோடு ஒட்டிக் கரும்பலகை. மூலயோசனை வந்தது நமக்குப் பக்கத்து மதனப்பள்ளி ரிஷிவேலியிலிருந்து. ஆறு வயசில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளை பதினெட்டு வயசில் ஏன் வரிசையில் உட்கார வேண்டும்? வயசு ஏற ஏற அறிவு பெஞ்சில் ஒட்டிக்கொள்ளுமா என்ன!

ஆனால் என் கவலை கல்லூரிக்குள் போய்விட்ட பெண்ணைப் பற்றியதைவிட, போகாதவளைப் பற்றியது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். ஷிப்ட் முடிந்து அவள் போகமுடியாது. அவளிடம்தான் வகுப்பறை வர வேண்டும், அந்த மரத்தடி மருந்து வண்டியைப் போல.

இடத்துக்கா பஞ்சம்? சாயங்காலம் நாலரைக்குமேல் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை எண்ணிப் பாருங்கள். பெரிய கம்பெனிகளில் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் நிரம்பி வழிகிறது, சாயங்காலம் காலி. நூலகங்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் தமிழக அரசு பல நகராட்சிகளில் நூலகத்தோடு சேர்ந்த அறிவுசார் மையங்களைத் திறந்தது; படிக்கும் கூடம், கம்ப்யூட்டர், இன்டர்நெட் எல்லாம் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' வந்தது. படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் ஒரே கட்டடத்தில் உட்கார இடம். இதையெல்லாம் பெரும்பாலும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள்தான் நிரப்புகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். ஷிப்ட் முடித்து வருகிற பெண்ணுக்கும் இரண்டு மேஜை ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் வெறும் மேஜை போட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிற உத்தியோகஸ்தர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சுத்தமான கழிப்பறை, உள்பக்கம் தாழ்ப்பாளோடு. எட்டு மணிக்கு முடிந்தால் வீடு போக பஸ். பொறுப்புக்கு ஒரு பெண். வாரத்தில் ஒரு நாளாவது, பாடம் தெரிந்த ஒருவர் — ரிடையரான கல்லூரி டீச்சர்கள் எத்தனை பேர் இந்த ஊர்களில் பொழுது போகாமல் இருக்கிறீர்கள்! — வந்து சந்தேகம் தீர்க்க வேண்டும். குழந்தையோடு வருகிறவளுக்கு ஒரு மூலையில் பாய். அப்படி ஓர் இடத்துக்குப் பெண் போகிறாள் என்றால் வீட்டிலும் "போன் நோண்டுகிறாள்" என்று சொல்லமாட்டார்கள். "கிளாசுக்குப் போயிருக்கா" என்பார்கள். அந்த வார்த்தைக்குள்ள மதிப்பே தனி. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லலாம்!

பரீட்சை விஷயத்தையும் மறக்கக்கூடாது. பாடம் வீட்டுக்கு வந்தாலும் பரீட்சைக்கு மையத்துக்குத்தான் போயாக வேண்டும். கூட ஆள் அனுப்பாத வீட்டில் அந்த ஒரு நாளுக்காகவே படிப்பு நின்றுபோகும். சேரும்போதே, நமக்குப் பக்கத்தில் எந்த ஊரில் மையம் என்று பார்த்துவிட்டு, அண்ணனிடமோ அப்பாவிடமோ தேதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை, இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையில் எழுதி என்ன பிரயோஜனம்? நாள் முழுக்க மிஷினில் குனிந்து தைத்த கழுத்து, ராத்திரி போனைப் பார்க்க மறுபடியும் குனிந்தால் என்ன ஆகும்? போனைக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு சம்படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கண் மட்டத்துக்குச் சாய்த்து வையுங்கள். இருட்டில் பார்க்கவேண்டாம், விளக்கு எரியட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கி, இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். கையால் எழுதினால் மனசில் நிற்கும், வீட்டாருக்கும் படிப்பு என்று கண்ணுக்குத் தெரியும். உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வந்தால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். நம் மாநிலத்தில் பாதிக்குமேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக நான் மேலே சொன்ன அதே ஆய்வு கூறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய்; சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்.

அந்தப் பெண் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "நீங்க சொல்ற மாதிரி எடம் யாரும்மா தரப்போறாங்க?" என்று கேட்டாள். கேட்டால் தருவார்கள், பத்துப் பேராகக் கேட்டால் சீக்கிரம் தருவார்கள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு 2019 கடைசியிலிருந்து அது திருப்பத்தூரில். எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த அறை, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று தெளிவாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மனு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைச் சாவியையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். பல பள்ளிகளில் அது தனிச் சாவி.